யாருடைய மூச்சு

இறந்து பிறந்த குழந்தையின் உடலில் கத்தி பட்டால், அந்த வீட்டுப் பெண்கள் எவர் வயிற்றிலும் அதன் பிறகு கரு தங்காது என்று எங்கள் குடும்பம் நம்பியது. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பெயர் கிடையாது, ஒப்பாரி கிடையாது, விளக்கு வைப்பதற்குள் அது மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பதும் அந்த நம்பிக்கையைச் சேர்ந்தது. என் தங்கையின் குழந்தையை அப்பா எங்கள் ஊரான பாகூரின் ஏரிக்கரையில் அவசரமாகப் புதைத்ததற்கு வேறு காரணம் ஏதும் இல்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், வேறு காரணங்கள் பலவற்றை அடுத்த மூன்று மாதங்கள் நாங்கள் கேட்க நேர்ந்ததுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் வில்லியனூரில் தங்கி, அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தங்கைக்கு இருபது வயது. கரையாம்புத்தூரில் அவளைக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில், கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து அவள் கணவர் இறந்துபோனார். அவருக்குப் பின் அந்த வீட்டில் மிஞ்சியது அவருடைய தாயார் ஒருவர் மட்டுமே. வெறுங்கையோடு, வயிற்றுப் பிள்ளையோடு தங்கையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது அந்த அம்மா என் தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வலி எடுத்ததும் ஆள் அனுப்புங்க சம்பந்தி. எம்புள்ள திரும்பி வரான். மொதல்ல நான் பாக்கணும்."

ஆள் அனுப்பினோம். மார்கழி மாதம், அரையாண்டு விடுமுறை. நானும் வீட்டில் இருந்தேன். செய்தி கொண்டுபோனவர் பேருந்தைத் தவறவிட்டார். நடுப்பகலில் குழந்தை பிறந்தது, ஆண். வெந்நீர்த் தவலையோடு நான் அறை வாசலுக்கு வந்தபோது, மருத்துவச்சி எனக்கு முதுகு காட்டி, மண்டியிட்டுக் குனிந்திருந்தார். அவர் தலை மெல்ல எழுந்தும் தாழ்ந்தும் கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். என் தாய் எழுந்து வந்து, தவலையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அவ்வளவுதான் நான் கண்டது. பிறகு வெகு நாள்களுக்கு அந்த முதுகைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

குழந்தை அழவில்லை. பொழுது சாயும் முன் அப்பா அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துச் சென்றார். மறுநாள் காலை முதல் பேருந்தில் தங்கையின் மாமியார் வந்து இறங்கினார். கையில் ஒரு சிறிய மண்சட்டியில் விளக்கெண்ணெயும் ஒரு வெள்ளி அரைஞாணும் இருந்தன.

"எங்க என் புள்ள?"

அப்பா கரையைக் காட்டினார். அந்த அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் தாயைத்தான் பார்த்தார்.

"மூஞ்சிய கூட காட்டாம பொதைச்சிட்டீங்களா? அப்படி இன்னா அவசரம்? இருவது வயசு பொண்ண நாளைக்கு வேற எடத்துல குடுக்கணும், இடுப்புல புள்ள இருந்தா எவன் கட்டுவான்னா?"

அப்பா வாய் திறந்து ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதோ, "சம்பந்தியம்மா, எங்க வூட்டுல நின்னுகினு அளவா பேசுங்க" என்பதுதான். அந்த அம்மா அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் தாசில்தார் முன்னிலையில் ஏரிக்கரையைத் தோண்டினார்கள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பும் பதியப்படவில்லை, இறப்பும் பதியப்படவில்லை என்பது சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. அந்த அலுவலகத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்போதும் பிரஞ்சில் மேரி என்றே சொல்வார்கள். பிரஞ்சுக்காரர் காலத்துப் பழக்கப்படி, உயிரின்றிப் பிறந்த குழந்தைக்கும் அங்கே ஓர் அறிவிப்பு எழுதித் தர வேண்டும். அப்பாவுக்கு அது தெரியும். அழாத குழந்தைக்கு எதற்குக் காகிதம் என்று இருந்துவிட்டார்.

குழந்தையைப் பனையோலைப் பெட்டி ஒன்றில் வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவும் நானும் பின்னால் பேருந்தில் போனோம். சவக்கிடங்கின் வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் இரண்டு மணிநேரம் நின்றோம். கத்தி படக் கூடாது, கத்தி படக் கூடாது என்று அப்பா வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அங்கே இன்னும் மூன்று உடல்கள் காத்திருந்தன. மருத்துவர் ஒருவர், உதவியாள் ஒருவர், மேசை ஒன்று. வெளியே வந்த மருத்துவர் கைகளைத் துடைத்தபடி, "நீங்க யாரு, படிச்சவங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆசிரியை என்றேன்.

"மூச்சு விட்டிருக்கும்மா குழந்தை. செத்துப் பொறந்ததுன்னா நுரையீரல் தண்ணியில முழுகணும். இது மிதக்குது."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேசை ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் தெரிந்தது. ஊறுகாய் ஜாடி அளவுதான் இருக்கும். அதன் நீர்மட்டத்தில் ஏதோ ஒன்று, ஒரு நெல்லிக்காய் அளவில், கிடந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு சிறிய பாத்திரத்திலிருந்தா என் தங்கையின் மேல் கொலைப்பழி புறப்படுகிறது என்று தோன்றியது.

பிறகு வாரம்தோறும் திங்கட்கிழமை தங்கை போலீஸ் நிலையத்துக்கு வந்து உட்கார வேண்டும் என்றார்கள். தாசில்தாரின் விசாரணை முடியும்வரை அப்படித்தான். கொலை வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது அவர் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்தது. முதல் திங்கட்கிழமை நான் உடன் சென்றேன். அவளுக்குப் பால் கட்டியிருந்தது. அம்மா துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பியும், ஒரு மணிநேரத்தில் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வயதான ஏட்டு ஒருவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:

"இன்னாமா, மூச்சு வுட்ட புள்ள எப்டிமா சாவும்? தலவாணி கிலவாணி எதுனா வெச்சி அமுக்கினீங்களா? சொல்லிடு, பாரம் கொறையும்."

"வீட்டுல தலகாணியே கிடையாதுங்க" என்றாள் அவள். எங்கள் வீட்டில் உண்மையிலேயே தலையணை இல்லை. பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வோம். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடிப்பதும் கத்துவதும் என் இயல்பில் இல்லாதவை. நான் அறிந்தது வாசிப்பது ஒன்றுதான். சனிக்கிழமைகளில் புதுச்சேரியின் பெரிய நூலகத்துக்குப் போய், வழக்குகளுக்கான மருத்துவம் பற்றிய தடித்த ஆங்கில நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நூலகர் என்னை வினோதமாகப் பார்த்தார். மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பக்கம் கிடைத்தது. நுரையீரல் மிதந்தால் குழந்தை மூச்சு விட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. உடல் அழுகத் தொடங்கியிருந்தாலும் மிதக்கும். இறந்து பிறந்த குழந்தையைப் பிழைக்கவைக்க யாராவது வாயில் வாய் வைத்து ஊதியிருந்தாலும் மிதக்கும். ஊதிய காற்று என்றால், நுரையீரல் துண்டை இரு விரலுக்கிடையில் அழுத்திப் பிழிந்துவிட்டு மறுபடி தண்ணீரில் இட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். குழந்தை தானாக இழுத்த மூச்சு அப்படி எளிதில் வெளியேறாது.

எழுந்தும் தாழ்ந்தும் கொண்டிருந்த அந்தத் தலை அப்போது எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் என்னை மறக்கவில்லை. ஈர மண்ணிலும் மார்கழிக் குளிரிலும் கிடந்ததால் உடல் அழுகவில்லை என்று சொன்னார். ஊதியிருந்தால் என்று கேட்டேன்.

"மிதக்கும்" என்றார்.

"பிழிஞ்சு பார்த்தீங்களா சார்?"

"அன்னிக்கு நாலு பேரும்மா. பிழிஞ்சு பார்க்கல. மறுபடியும் பொதைச்சாச்சு, இனிமே பார்க்கவும் முடியாது. ஊதினாங்கன்னு அந்த அறையில இருந்தவங்க யாராவது சொல்லட்டும், நான் எழுதித் தரேன். நானா எப்படி எழுத முடியும்?"

ஒரு நிமிடம் செலவிட்டு அந்தத் துண்டை அவர் விரலால் அழுத்தியிருந்தால் போதும். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருடைய கண்களில் தூக்கமின்மை அப்படித் தெரிந்தது.

மருத்துவச்சி இருந்தது ஏரிக்கு அந்தாண்டை, எங்கள் தெருக்காரர்கள் கால்வைக்காத தெருவில். எங்கள் தெருவின் பிள்ளைகள் அத்தனை பேரையும் இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கைகள் அவருடையவை; என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அவர் கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போக வேண்டும். பிரசவம் முடிந்த அறையைக் கழுவி, சாணம் தெளித்து, மஞ்சள் நீர் இறைப்பார்கள். எங்கள் வீட்டில் அவருக்கென ஓர் அலுமினியத் தட்டு மாட்டுக்கொட்டகையில் செருகியிருக்கும்.

கரைமேல் புல்லறுத்துக்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"நானா? ஒங்க வூட்டுக் கொழந்த வாயில நானு வாய வெப்பனா? இன்னா பாப்பா பேசற நீ? ஆண்டை காதுல வுழுந்தா என் குடிசை நிக்குமா?"

அடுத்த வாரமும் போனேன். நூலில் படித்ததைச் சொன்னேன். அவர் அரிவாளைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பொஸ்தகத்துல போட்டுகிறானா? எழுதுனவன் எத்தினி பிரசவம் பாத்தானாம்? நீ பொறந்து நீலமா கெடந்த. தலகீழா புடிச்சி முதுகுல ரெண்டு போட்டேன், அப்புறம்தான் கத்துன. இன்னும் ரெண்டு போட்டிருந்தா இப்பிடி கேள்வியா கேட்டுகினு வந்திருக்கமாட்ட."

மூன்றாம் முறை போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. என் தங்கை சிறைக்குப் போவாள், உன் பயத்துக்காக அவள் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புற்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"எம் பயமா? சரி பாப்பா, எம் பயந்தான். எங்கிட்டயே வந்து வந்து கேக்கறியே, ஒங்கம்மா அந்த ரூம்புல இன்னா கோலமா போட்டுகினு இருந்தாங்க? போயி அவங்கள கேளு."

வீட்டுக்கு நடந்த அந்த இரண்டு மைல் தூரத்தையும் நான் மறக்க முடியாது. ஐந்து வாரங்களாக நான் தேடிய சாட்சி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்த எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கொல்லைப்புறத்தில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கை நிற்கவில்லை.

"ஆமா. நாந்தான் ஊதச் சொன்னேன். அவ மாட்டேன்னா. 'ஊதுடி, ஒன் காலுல வேணும்னாலும் வுழறேன்'னு சொன்னேன். ஊதினா. நெஞ்சு ஒசந்துது, ஒசந்துது... அப்புறம் எறங்கினது எறங்கினதுதான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அந்தப் புள்ள மேலயே அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

"அம்மா, தங்கச்சி வாராவாரம் ஸ்டேஷன்ல போயி ஒக்காந்துட்டு வரா."

"கேசு நிக்காது. உங்கப்பா வக்கீல பாத்துகினு இருக்காரு. இது வெளிய வந்தா உன்ன எவன் கட்டுவான்? உங்கப்பா இந்த வூட்டுல தண்ணி குடிப்பாரா?"

"நான் கல்யாணம் கேக்கலையே."

"நீ கேக்கமாட்ட. நாந்தான கேக்கணும்."

அதன் பின் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்பே ஒரு சுவராக எழுந்து நின்றால், அதில் முட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஒரு மகளைக் காப்பாற்ற இன்னொரு மகளை வெயிலில் நிறுத்திக்கொண்டிருந்தார் என் தாய். அதைத் தான் செய்வதாக அவர் ஒரு கணமும் எண்ணவில்லை. அப்பாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூடம் வரை போய்த் திரும்பினேன். கதவுக்கு வெளியே நின்றவளின் சொல்லை எந்த அதிகாரி எழுதிக்கொள்வார்?

மாசி மாதத்தில் தாசில்தார் கொம்யூன் அலுவலகத்துக்கு வந்து கடைசி விசாரணை நடத்தினார். அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்குமாக அப்பாதான் வாக்குமூலம் தந்திருந்தார். அம்மா பெருவிரல் ரேகை மட்டும் வைத்தார். அன்று தாசில்தார் தங்கையை முன்னே அழைத்தார். தங்கையின் மாமியார் எதிர்ப்பக்கத்து விசுப்பலகையில் இருந்தார். மருத்துவச்சியையும் வரச்சொல்லியிருந்தார்கள், அவர் வாசலுக்கு வெளியே குந்தியிருந்தார்.

"குழந்தை அழுததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்" என்றார் தாசில்தார்.

தங்கை குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்கிட்ட போயி கேக்கறீங்களே சார். அழுவாதா, அழுவாதான்னு படுத்துகினு காது குடுத்து கேட்டுகினே இருந்தவ நான். இப்ப கூட கேட்டுகினுதான் இருக்கேன்."

எனக்குப் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றதை நான் முதலில் கவனிக்கவில்லை.

"அழுவலைங்க. நாந்தான் மருத்துவச்சியம்மாவ வாயில வாய் வெச்சி ஊதச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. அந்தக் காத்துதாங்க மிதந்தது."

தாசில்தார் தலை நிமிர்ந்தார். "இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?"

"ரேகைதானுங்க வெக்கச் சொன்னாங்க" என்றார் அம்மா.

அப்பா எழுந்து வெளியே போனார். வாசலில் குந்தியிருந்த மருத்துவச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த வாயைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊதிய காற்றாலும் மிதக்கக்கூடும். அழுத்திப் பார்க்கும் சோதனை செய்யப்படவில்லை. ஆகவே உயிருடன் பிறந்ததா என்பதை உறுதியாகக் கூற இயலாது என்று எழுதி அனுப்பினார். வழக்கு இல்லை என்று கோப்பை மூடினார்கள். நான் வேண்டியது அந்த வாக்கியம் அல்ல. இறந்து பிறந்தது என்று இரண்டு சொற்களை எங்கேனும் ஒரு காகிதத்தில் காண வேண்டும் என்று விரும்பினேன். கொம்யூன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். உறுதியாகத் தெரியாத ஒன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எழுத்தர் நியாயமாகவே கேட்டார். அந்தக் குழந்தை இன்றுவரை பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஊரில் மட்டும் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. மிதந்த புள்ள என்றார்கள்.

எங்கள் தெரு ஆண்கள் சிலர் அந்தாண்டைத் தெருவுக்குப் போய், இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்களில் மூவரை அந்த அம்மாதான் தலைகீழாகப் பிடித்து அழவைத்திருப்பார். உண்மையைத் தோண்டி எடுத்தவள் நான். அதன் கூலி அவர் வீட்டு வாசலில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "போ பாப்பா, பொழுது போயிடும், பஸ்ஸு புடி" என்று மட்டும் சொன்னார். கொட்டகையில் செருகியிருந்த தட்டை அம்மா எடுத்துத் துலக்கி, சமையலறைப் பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தார். அப்பா அதைக் கண்டும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் உயிரோடிருந்த காலம் வரை தன் குடிநீரைத் தானே மொண்டு குடித்தார். அம்மா அஞ்சியபடியே எனக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றன. தங்கையை வில்லியனூருக்கு அழைத்துக்கொண்டேன். அவள் தையல் கற்றாள். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தாள். வேறிடத்தில் கொடுக்கும் பேச்சை அவளே எடுக்க விடவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின், வில்லியனூர்த் தேர் அன்று, கூட்டத்தில் ஒரு மோர்ப்பந்தலின் நிழலில் தங்கையின் மாமியாரைக் கண்டோம். மிகவும் இளைத்திருந்தார். நாங்கள் ஒதுங்கிப் போகப் பார்த்தோம். அவரே கையை நீட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டுவார் என்று நான் முன்னே நகர்ந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டுப் போ. மூஞ்சி யார மாரி இருந்துது?"

தங்கை குழந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. அதை அவளுக்கும் யாரும் காட்டவில்லை. பாதி மயக்கத்தில் கிடந்தவளின் பக்கத்திலிருந்து வேட்டியில் சுற்றி எடுத்துப் போனார்கள். இது எனக்குத் தெரியும்.

"உங்க புள்ள மாரிதான் அத்தை" என்றாள். "மூக்கு அப்படியே."

அந்த அம்மா தலையாட்டினார். கையை விட மனமில்லாமல் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு விட்டார். தேர் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்பா போய்விட்டார், பின்னர் அம்மாவும். மருத்துவச்சி போன செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த அறையில் அன்று இருந்தவர்களில் என் தங்கை இருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்றவர்களில் நான் இருக்கிறேன்.